காப்பியோடு கப்பலேறிய பசுமைச் சான்றிதழ்: ஒரு சரக்குச் சேவை பற்றிய மதிப்பீடு

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஏழு சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு கன்டெய்னர் அராபிகா காப்பிக்கொட்டையை ஜெர்மனிக்கு அனுப்பி வருகிறோம். சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடிக்கு இடையே வளர்ந்த காப்பி என்று சொன்னால் மனம் மகிழ்ந்துபோகும் கொள்முதல்காரர், சென்ற பருவத்தில் முதன்முறையாக வேறொரு கேள்வியைக் கேட்டார். எங்கள் கொட்டை கடலைக் கடந்து வரும்போது வெளியாகும் கரியமிலவாயுவுக்கு எழுத்துமூலமான கணக்கும், முடிந்தால் அதைக் குறைத்ததற்கான சான்றும் வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. எங்கள் ஏற்றுமதி வேலைகளைக் கவனிக்கும் சரக்கு முகவர் நிறுவனத்தின் சேலம் கிளையில் இதைச் சொன்னபோது, "அதுக்கும் ஒரு திட்டம் இருக்குதுங்க சார்" என்று வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு கையேட்டை எடுத்துத் தந்தார்கள். கடல்வழி உமிழ்வில் 25, 50, 100 சதவீதம் என்று மூன்று அளவுகளில் எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. நாங்கள் நடுவில் உள்ளதை எடுத்தோம். அந்தச் சேவையின் மதிப்பீடுதான் இது. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை, ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பகுதி இந்தத் தொழில் முழுவதற்கும் பொதுவானவை.

முதலில், விற்கப்படும் பொருள் என்ன என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். பணம் கட்டியதால் நம் கன்டெய்னர் வேறொரு கப்பலில் ஏற்றப்படுவதில்லை. எல்லாருடைய சரக்கும் போகிற அதே கப்பலில், அதே கனரக எண்ணெயை எரித்துக்கொண்டுதான் நம் காப்பியும் போகிறது. நாம் கட்டிய பணத்துக்கு ஈடான அளவு மாற்று எரிபொருளை அந்தக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களுள் ஏதோ ஒன்றில், ஏதோ ஒரு துறைமுகத்தில் நிரப்பி எரிக்கிறது. அதனால் குறைந்த உமிழ்வை நம் பெயரில் எழுதி ஒரு சான்றிதழ் தருகிறது. கோயிலில் அன்னதானத்துக்குப் பணம் கட்டி ரசீது வாங்குவதைப் போன்றது இது. நாம் கட்டிய பணத்தில் யார் சாப்பிட்டார் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரே இலையை இரண்டு உபயதாரர் பெயரில் எழுதாமல் இருக்கிறார்களா என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். இந்தச் சேவையின் நல்லது கெட்டது முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் அடங்கியிருக்கிறது என்பது, பணம் கட்டி, சான்றிதழ் வாங்கி, அதைத் திருத்தி வாங்கிய பிறகு எனக்கு உறுதியானது.

கையேட்டின் அட்டையில் காற்றாலைகள், நீலநிற ஹைட்ரஜன் உருளைகள், பாய்மரம் போன்ற உலோகத் தூண்கள் நின்ற ஒரு கப்பல் எல்லாம் இருந்தன. எங்கள் சான்றிதழின் மூன்றாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், எரிபொருள் என்ற இடத்தில் இருந்ததோ பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து தயாரித்த பயோடீசல், கனரக எண்ணெயுடன் 24 சதவீதம் கலந்தது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை, சொல்லப்போனால் நிம்மதிதான். இன்றைய நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் இயந்திரத்தைப் பெரிதாக மாற்றாமல் ஊற்றக்கூடிய எரிபொருள் அதுதான். கையேட்டில் படமாக உள்ள மற்றவை, ஆளுக்கு ஒரு தடையோடு வரிசையில் நிற்கின்றன.

மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். சாதாரண வெப்பநிலையில் திரவமாகவே இருப்பதும், ரசாயனத் தொழிலில் கையாண்டு பழகியதும் அதன் வசதிகள். 2015இல் ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் கப்பலை மெத்தனாலுக்கு மாற்றினார்கள். 2023இல் மெர்ஸ்க் நிறுவனத்தின் லாரா மெர்ஸ்க் என்ற சிறிய கன்டெய்னர் கப்பல் பசுமை மெத்தனாலில், அதாவது உயிரிக் கழிவிலிருந்தோ புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கொண்டோ தயாரித்த மெத்தனாலில், கொரியாவிலிருந்து கோபன்ஹேகன் வரை வந்தது. அடுத்த ஆண்டு 16,000 பெட்டிகளுக்கு மேல் ஏற்றும் பெரிய கப்பல்களும் வரத் தொடங்கின. ஆனால் ஒரு கிலோ மெத்தனாலில் இருக்கும் ஆற்றல் கனரக எண்ணெயில் இருப்பதில் பாதிதான். ஆகவே அதே தொலைவுக்குத் தொட்டி ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாக வேண்டும், அந்த இடம் சரக்குக்கான இடத்திலிருந்துதான் போகும். அதைவிட முக்கியமானது, மெத்தனால் எங்கிருந்து வந்தது என்பது. இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ தயாரித்த மெத்தனாலை எரித்தால், கப்பலின் புகைபோக்கியில் கணக்குச் சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும், கிணற்றிலிருந்து கடல்வரையிலான முழுக் கணக்கில் பழைய எண்ணெயைவிட மோசமாகிவிடும். "மெத்தனால் கப்பல்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், தொட்டியில் இன்று இருப்பது எந்த மெத்தனால் என்று கேட்பது நம் கடமை.

அம்மோனியாவில் கரிமமே இல்லை என்பது பெரிய கவர்ச்சி. ஆனால் அது நச்சுவாயு. மேட்டூர்ப் பக்கம் ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கு வாயுக் கசிவு என்ற சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. எரியும்போது நைட்ரஸ் ஆக்சைடு உண்டானால் அது கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது இன்னொரு சிக்கல். ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும் என்பதால், கண்டம் தாண்டும் கப்பலுக்கு அது இப்போதைக்குப் படத்தோடு சரி. திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் 2020 முதலே வந்துவிட்டன. கந்தகமும் கரிப்புகையும் வெகுவாகக் குறைவதும் உண்மை. ஆனால் இயந்திரத்தில் எரியாமல் தப்பும் மீத்தேன், புகைபோக்கியில் மிச்சப்படுத்தியதில் நல்ல பங்கைத் தின்றுவிடுகிறது.

எனவே சமையல் எண்ணெய் பயோடீசலே நடைமுறைக்கு வந்த பொருள். இதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. உலகம் முழுவதும் வடைச்சட்டியில் மிஞ்சும் எண்ணெய் இவ்வளவுதான், அதற்கு லாரிகளும் விமானங்களும் கப்பல்களும் போட்டியிடுகின்றன. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. சேலத்துத் தட்டுவடை செட் கடைகளின் வாணலி எண்ணெய் என்றாவது ஒரு கப்பலை நகர்த்தும் என்று நினைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய எண்ணெய்க்குப் புதிய எண்ணெயைவிட விலை கூடும்போது, புதிய பாமாயிலையே பழையது என்று எழுதி விற்கும் ஆசையும் கூடும். ஐரோப்பாவில் அந்த ஐயம் எழுந்து பேசப்பட்டிருக்கிறது. எங்கள் சான்றிதழில் எண்ணெய் எந்த நாட்டில் சேகரிக்கப்பட்டது என்ற விவரம் முதலில் இல்லை. கேட்ட பிறகு தந்தார்கள், ஆனால் கேட்காமலே தந்திருக்க வேண்டும்.

இனி பணக் கணக்கு. எங்கள் 20 அடி கன்டெய்னரில் 60 கிலோ மூட்டைகளாக 320 மூட்டைகள், அதாவது 19.2 டன் காப்பி இருந்தது. பாதி அளவு உமிழ்வைக் குறைப்பதற்காக நாங்கள் கூடுதலாகக் கட்டியது 18,600 ரூபாய். தொகையைப் பார்த்ததும் எங்களில் மூத்தவர் ஒருவர் முகம் சுளித்தார். கிலோவுக்கு என்ன ஆகிறது என்று வகுத்துக் காட்டினேன்: ஒரு ரூபாய்க்கும் குறைவு. அதன்பின் அவர் பேசவில்லை. கடல் போக்குவரத்தைத் தூய்மையாக்குவது தாங்க முடியாத செலவு என்று சொல்கிறவர்கள், கப்பல் நிறுவனத்தின் மொத்த எரிபொருள் செலவை நினைத்துச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே மலைக்க வைக்கும் தொகைதான். ஆனால் அதையே ஒரு கிலோ காப்பியின் மேல், ஒரு சட்டையின் மேல் பரப்பினால், கடைக்காரர் சில்லறையாகத் திருப்பித் தரும் தொகைக்குள் அடங்கிவிடுகிறது.

சிக்கல் தொகையில் இல்லை, அந்தத் தொகை எதை வாங்கியது என்பதில்தான் இருந்தது. ஐந்து வாரம் கழித்து வந்த முதல் சான்றிதழில், எங்கள் கன்டெய்னரின் மொத்தக் கடல்வழி உமிழ்வு 1.6 டன் என்றும், அதில் 0.8 டன் குறைக்கப்பட்டது என்றும் இருந்தது. வழித்தடம் என்ற கட்டத்தில் சூயஸ் என்று அச்சாகியிருந்தது. செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் ஐரோப்பாவுக்குப் போயின. எங்கள் காப்பி போன கப்பலும் அப்படித்தான் போனது. வழி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீள்கிறது, 6,000 கிலோமீட்டருக்கும் மேல் கூடுகிறது. கப்பல் எங்கே இருக்கிறது என்று கைபேசியில் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அது ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியது கண்முன் நடந்த காரியம். சான்றிதழோ ஏதோ ஒரு பழைய அட்டவணையிலிருந்து தொலைவை எடுத்திருந்தது.

கிளையில் இருந்த இளைஞரிடம் இதைக் காட்டியதும் அவர் மழுப்பவில்லை. "எங்களுக்கே இது தெரியாதுங்க சார், சிஸ்டம்ல வர்றத அப்படியே பிரிண்ட் எடுக்கறோம். மேல கேட்டுச் சொல்றேனுங்க" என்றார். சொன்னபடியே கேட்டார், மூன்று முறை நினைவூட்டினார், திருத்திய சான்றிதழை வாங்கியும் தந்தார். அதில் மொத்த உமிழ்வு 2.4 டன், குறைத்தது 1.2 டன். கூடுதல் எரிபொருளுக்கு எங்களிடம் மேலும் பணம் கேட்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே சேலம் கிளைக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் நாங்கள் வரைபடத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால், பாதி என்று எழுதி மூன்றில் ஒரு பங்கைத்தான் வாங்கியிருப்போம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இப்போது அந்த இலைக் கணக்குக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களையும் உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து வரும் பயணத்தின் உமிழ்வில் பாதி கணக்கில் சேரும். 2024ஆம் ஆண்டு உமிழ்வில் 40 சதவீதத்துக்கும், 2025க்கு 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுமைக்கும் நிறுவனங்கள் உரிமச்சீட்டை, அதாவது இத்தனை டன் வெளியிடலாம் என்று விலைகொடுத்து வாங்கும் அனுமதியை, ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவு தனிக் கட்டணமாக எங்கள் பில்லிலும் வந்தது. இதற்கு மேல், 2025 ஜனவரி முதல் இன்னொரு சட்டம்: கப்பலில் எரிக்கும் ஆற்றலின் கரிமச் செறிவை, அதாவது ஓர் அலகு ஆற்றலுக்கு வெளியாகும் வாயுவின் அளவை, முதலில் 2 சதவீதம், 2030இல் 6 சதவீதம் என்று படிப்படியாகக் குறைத்து 2050இல் 80 சதவீதம் வரை கொண்டுபோக வேண்டும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எப்படியும் எரித்தாக வேண்டிய பயோடீசலை எரித்துவிட்டு, அதே லிட்டரை எங்களைப் போன்றவர்களுக்குச் சான்றிதழாகவும் விற்றால், எங்கள் பணத்தால் கடலில் ஒரு துளி எண்ணெயும் குறையவில்லை என்றே பொருள். இதை எழுத்தில் கேட்டேன். வந்த விடை, "சர்வதேச நடைமுறைகளுக்கு உட்பட்டு" என்று தொடங்கி எதையும் சொல்லாமல் முடிந்த இரண்டு பத்திகள். ஒரு பக்கம் உயிரி எரிபொருளுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், இன்னொரு பக்கம் ஐரோப்பிய உமிழ்வுக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அந்தச் சட்டத்தில் தகுதிபெற்ற உயிரி எரிபொருளுக்கு உமிழ்வு சுழியம் என்று வைத்துக்கொள்ள இடமிருக்கும்போது, அந்த ஆதாயம் யார் கணக்கில் போனது என்ற கேள்விக்கும் விடை இல்லை.

சான்றிதழ் தொடாமல் விட்ட இன்னொரு பகுதி, கடலுக்கு முந்தைய சாலை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கன்டெய்னர் லாரி ஏற முடியாது. மூட்டைகளைச் சிறிய வண்டிகளில் இறக்கி, சேலத்துக் கிடங்கில் வைத்துப் பெட்டியில் அடுக்குகிறோம். அங்கிருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். எங்கள் லாரிக்காரர் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கிடைக்கும் என்கிறார். வெறும் வண்டியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 200 லிட்டர் டீசலுக்கு மேல், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் ஏறத்தாழ 570 கிலோ கரியமிலவாயு. ஆப்பிரிக்காவையே சுற்றிப்போன கடல் பயணத்துக்கு 2.4 டன், தமிழ்நாட்டுக்குள் ஒரு நாள் பயணத்துக்கு அதில் நான்கில் ஒரு பங்கு. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்துவதில் கப்பலை வெல்ல லாரியால் முடியாது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிகிறது. சேலத்திலிருந்து துறைமுகம் வரை ரயிலில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டோம். ஒற்றைக் கன்டெய்னருக்கு முடியாது என்றார்கள். கோரிக்கையைச் சேர்த்து வைத்து, சவ்வரிசிக்காரர்களோடும் ஜவுளிக்காரர்களோடும் கூட்டாக அனுப்ப ஒரு வழி செய்தால், அதற்குச் சான்றிதழைவிட மகிழ்ச்சியாகப் பணம் கட்டுவேன்.

கையேட்டில் தூத்துக்குடித் துறைமுகத்தைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது, அதை நியாயமாகவே எழுதியிருக்கிறார்கள். வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கிய அந்தத் துறைமுகம், காண்ட்லா, பாரதீப் ஆகியவற்றோடு பசுமை ஹைட்ரஜன் (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுப்பது) மையமாக மத்திய அரசால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்று. அங்கே 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் முன்னோடி ஆலை திறக்கப்பட்டது. கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. 10 கன மீட்டர் என்பது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன மின்னேற்ற நிலையத்துக்கும் அது போதும், கப்பல் என்ற பேச்சுக்கு அது கைப்பிடி விதை. விதையை விதை என்றே கையேடு சொல்லியிருப்பதைப் பாராட்டுகிறேன். 1906இல் இரண்டு கப்பல்களுக்காக ஊர் ஊராகப் பங்கு திரட்டிய மனிதரின் பெயர் அந்த இடத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

கரையோர மின்சாரத்தைப் பற்றி மட்டும் அதே பக்கம் அளவுக்கு மீறிப் பேசுகிறது. துறையில் நிற்கும் கப்பல் தன் டீசல் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுத்தால், துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் புகையும் இரைச்சலும் குறையும். அது பெரிய நன்மை. ஆனால் உமிழ்வு சுழியம் என்று எழுதுவது தவறு. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது, கப்பலின் ஜெனரேட்டரும் ஏறத்தாழ அதையேதான் வெளியிடுகிறது. தனியாகக் காற்றாலையோ சூரிய மின்சாரமோ ஏற்பாடு செய்யாதவரை, தூத்துக்குடியில் அணைத்த புகை எங்கள் மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் வெளியே வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

கையேட்டில் இல்லாததும், இருந்திருக்க வேண்டியதுமான ஒன்று, வேகம். கப்பலுக்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், பயண நாள் கூடுவதைக் கழித்த பின்னும், அதே தொலைவுக்கு ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சமாகும். எந்தப் புதிய எரிபொருளும் வேண்டாம், எந்தத் தொட்டியையும் மாற்ற வேண்டாம். நவம்பரில் பறிக்கத் தொடங்கி, உலர்த்தி, தோல் நீக்கி, ஏப்ரலில் அனுப்பும் காப்பிக்கு, போய்ச் சேர ஒரு வாரம் கூடினால் பெரிய நட்டமில்லை. நிலநடுக்கோட்டைக் கடக்கையில் பெட்டிக்குள் வியர்க்கும் ஈரத்துக்கு எப்படியும் மூட்டைக்குள் காற்றுப்புகாத உள்ளுறை போட்டுத்தான் அனுப்புகிறோம். பிரான்சில் காப்பியையும் கொக்கோவையும் பாய்மரக் கப்பலிலேயே கொண்டுவந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. "மெதுவாகப் போகும் கப்பல், கட்டணம் குறைவு, உமிழ்வும் குறைவு" என்று ஒரு நான்காவது வகையைச் சேர்த்தால், காப்பி, மிளகு, கிரானைட், சவ்வரிசி என்று அவசரமில்லாத சரக்கு அனுப்பும் எங்கள் பக்கத்தவர்கள் பலர் அதைத்தான் எடுப்பார்கள்.

எங்கள் ஜெர்மானியக் கொள்முதல்காரர் திருத்திய சான்றிதழை ஏற்றுக்கொண்டு, கூடுதல் செலவில் பாதியைத் தானே தருவதாக எழுதியிருக்கிறார். சேவைக்கு ஐந்தில் மூன்று தருகிறேன். கிளை ஊழியர்களுக்கு மட்டும் என்றால் நான்கரை, சான்றிதழைத் தயாரிக்கும் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றரை. வருகிற ஏப்ரலில் 50 சதவீதத்துக்குப் பதிலாக 25 சதவீத அளவையே எடுப்பது என்று எழுவரும் முடிவு செய்திருக்கிறோம். எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், எந்த நாளில் அந்த எண்ணெய் நிரப்பப்பட்டது, சட்டக் கணக்கில் அது சேர்ந்ததா இல்லையா என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் 100 சதவீத அளவுக்கும் தயார் என்று கிளையில் கடிதம் கொடுத்திருக்கிறோம். இதை வாங்க நினைக்கும் சேலம், நாமக்கல் ஏற்றுமதியாளர்கள் பி.எல். (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) கையில் வந்ததும் கப்பலின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது போன வழியைத் தேதியோடு படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் திருத்தம் கிடைத்தது அந்தப் படங்களைக் காட்டித்தான்.